கறுப்பில் பாயும் சிவப்புக் குதிரை

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டில் காலமெல்லாம் விளம்பரப் பலகை எழுதியவர் நீங்கள். சுவரொட்டிக் கலைஞர்களில் உங்கள் மனத்துக்கு நெருக்கமானவர் யார்?
– வாசகி, கோலகங்சார்

பதில்: கப்பியெல்லோதான், தங்கச்சி. லியோனெத்தோ கப்பியெல்லோ. 1875-இல் இத்தாலியின் லிவோர்னோவில் பிறந்தவர். பாரிஸுக்குப் போய் நாடக நடிகர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து பேர் வாங்கினார்.

1903-இல் கிளவுஸ் (Klaus) என்ற சாக்லேட்டுக்கு அவர் போட்ட சுவரொட்டியைப் பாருங்கள். கன்னங்கரேலென்ற பின்னணி, பாய்கிற சிவப்புக் குதிரை, அதன்மேல் பச்சை உடுப்பில் ஒரு பெண். குதிரைக்கும் சாக்லேட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே இல்லை. ஆனால் ஒருமுறை பார்த்தால் கண்ணை விட்டுப் போகாது. 1906-இல் மோரின் கினா மதுவுக்கு, போத்தலைத் திறக்கும் பச்சைப் பிசாசு. அங்கேயும் கறுப்புதான். தெருவில் விரைந்து போகிறவனை நிறுத்த ஓர் உருவம் போதும் என்று கண்டுகொண்ட மனிதர்!

என் முதல் பலகை ஒரு மளிகைக் கடைக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று எல்லாவற்றையும் வரைந்திருந்தேன். தோட்டத்து லோரியிலிருந்து இறங்கிய, எழுத்தறியாத ஓர் அம்மா, "இது என்ன கடை தம்பி?" என்றார். மனசு சுருக்கென்றது. மறுநாளே அழித்து, கறுப்புச் சாயம் இரண்டு பூச்சு அடித்து, நடுவில் ஒரே ஒரு மஞ்சள் பூசணிக்காய் வரைந்தேன். கடைசிவரை தோட்டத்துச் சனங்களுக்கு அது பூசணிக்காய்க் கடைதான்.