கண்ட்ரோல் சிஸ்டம்ஸில் அரியர்: துறையை மாற்றத்தான் வேண்டுமா?

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

மகள் மின்னணு மற்றும் கருவியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் விழுந்துவிட்டது, ‘இந்த டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என் தலையில் ஏறவே ஏறாது’ என்று அழுகிறாள், அவளுடைய தாய்மாமா சாஃப்ட்வேர் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் போனாலும் அந்த அரியரை முடித்துத்தான் ஆக வேண்டும். முடிக்காமல் பட்டம் கைக்கு வராது. வளாகத் தேர்வுக்கு வரும் சாஃப்ட்வேர் நிறுவனங்களில் பலவும் நிலுவை அரியர் உள்ளவர்களை முதல் சுற்றுக்கே அழைப்பதில்லை. எனவே சாஃப்ட்வேருக்குப் போனால் இந்தப் பாடத்திலிருந்து தப்பிக்கலாம் என்ற கணக்கு சரியாக வராது.

அவள் பயப்படுகிற விஷயம் என்ன என்று உங்களுக்கும் தெரிந்திருந்தால் நல்லது. அடுப்பைத் திடீரென்று பெரிதாக்கினால் கனத்த இரும்பு தோசைக்கல் மெதுவாகச் சூடாகிறது, மெல்லிய நான்ஸ்டிக் கல் சட்டென்று சூடாகிறது. தீ உள்ளே போவது, சூடு வெளியே வருவது. இந்த இரண்டுக்கும் இடையில் கல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒரே பின்னத்தில் எழுதிவைப்பதுதான் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன். எவ்வளவு சூடாகும், எவ்வளவு நேரத்தில் சூடாகும் என்ற இரண்டு செய்தியும் அந்தப் பின்னத்துக்குள் இருக்கின்றன.

இனி மகளுக்கு. இந்தப் பகுதியை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

அதிர்வெண்ணுக்கு ஏற்ப அமைப்பு எப்படி நடக்கிறது என்று காட்டும் போடே பிளாட்டை இப்போதைக்கு மூடி வை, அம்மா. ஒரு 9 வோல்ட் பேட்டரி, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 25 வோல்ட் தாங்கும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெரு, வேறு ஊர் என்றால் ரேடியோ உதிரிபாகக் கடை. ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் தொடராக இணை. கெப்பாசிட்டரின் கூட்டல் கழித்தல் முனைகளை மாற்றிவிடாதே. மீட்டரைக் கெப்பாசிட்டரின் குறுக்கே வைத்து, பேட்டரியை இணைத்தவுடன் கைப்பேசியில் நேரத்தை ஓட விடு. இரண்டு விநாடிக்கு ஒருமுறை வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்.

இதற்கான டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனில் தொகுதி 1, பகுதி 10எஸ் + 1 (எஸ் என்பது லாப்லாஸ் உருமாற்றத்தில் வரும் மாறி). அந்த 10 எங்கிருந்து வந்தது? 100 கிலோ ஓமை 100 மைக்ரோஃபாரடால் பெருக்கினால் 10 விநாடி. பத்தாவது விநாடியில் மீட்டர் ஏறத்தாழ 5.7 வோல்ட் காட்ட வேண்டும், அதாவது 9-ல் 63.2 சதவீதம். உனக்கு அந்த அளவு 12 விநாடியில் வந்தால் பதற வேண்டாம். இந்த வகைக் கெப்பாசிட்டர்களில் 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது வழக்கம். உன் கெப்பாசிட்டரின் உண்மையான மதிப்பை இப்போது நீயே அளந்துவிட்டாய் என்று அர்த்தம். வரைபடத் தாளில் அந்தக் கோட்டை வரைந்து அறைச் சுவரில் ஒட்டிக்கொள்.

அதே பின்னம், அதே வடிவக் கோடு, எங்கெல்லாம் வருகிறது பார். ரத்தத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்தின் அளவு எளிய கணக்கில் இப்படித்தான் ஏறுகிறது. அந்த மருந்தின் அரை ஆயுள் இரண்டு மணி நேரம் என்றால், உன் 10 விநாடியின் இடத்தில் சுமார் 2.9 மணி நேரம் வந்து உட்காரும். வெந்நீரில் அமிழ்த்திய வெப்பமானியும் அப்படியே. வேறு வடிவங்களும் உண்டு. கேமரா லென்ஸ் நுண்ணிய விவரங்களை எவ்வளவு தெளிவாகக் காட்டும் என்று சொல்ல அதன் தயாரிப்பாளர்கள் வெளியிடும் எம்டிஎஃப் வரைபடத்தில் நடுவில் இருக்கும் ‘டி’ டிரான்ஸ்ஃபர்தான். நில அதிர்வுமானி எழுதிய கோட்டிலிருந்து தரை உண்மையில் எப்படி அசைந்தது என்று கண்டுபிடிக்க, அந்தக் கருவியின் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். உன்னை அழவைக்கும் நைக்விஸ்ட்டும் போடேயும் பெல் ஆய்வகத்துக்காரர்கள். தொலைதூரத் தொலைபேசிப் பெருக்கிகள் தாமாகவே ஊளையிடத் தொடங்கும் சிக்கலிலிருந்து வந்ததுதான் ஓர் அமைப்பு அடங்குமா, கட்டுமீறுமா என்று சொல்லும் 1932-ஆம் ஆண்டின் நைக்விஸ்ட் விதி. யாரும் தேர்வுத்தாளுக்காக அதை எழுதவில்லை.

ஆலைக்குள் இது எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீராவி வால்வைப் பத்து சதவீதம் கூடுதலாகத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள். அரை நிமிடம் வெப்பநிலை அசையாது. பிறகு மெல்ல ஏறி நான்கு டிகிரி கூடி நிற்கிறது. அந்த ஒரு கோட்டிலிருந்து மூன்று எண்கள் கிடைக்கின்றன: ஒரு சதவீதத்துக்கு 0.4 டிகிரி என்ற பெருக்கம், அரை நிமிட முடக்கம், ஏறுவதற்கான கால மாறிலி. வெப்பநிலையைப் பார்த்து வால்வைத் தானாகத் திருப்பும் பிஐடி கட்டுப்படுத்தியை இந்த மூன்றையும் வைத்துத்தான் சரிசெய்கிறார்கள். 1942-ல் ஸீக்ளர், நிக்கோல்ஸ் இருவரும் வெளியிட்ட விதிகளை உன் பாடநூலிலேயே பார்க்கலாம். முடக்கம் நீளமாக இருக்கும் இடத்தில் பெருக்கத்தைக் கூட்டினால் வெப்பநிலை ஊசலாடத் தொடங்கும். அனுபவசாலிகள் அந்த நேரத்தில் எண்களைத் திருத்துவதற்கு முன் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார்கள். ஒட்டும் வால்வு எந்தப் பின்னத்துக்கும் அடங்காது.

படிப்பதற்கு ஒரே ஒரு யோசனை. ஒரு பின்னத்தைக் கண்டவுடன், கணக்குப் போடுவதற்கு முன், கோடு எப்படி வரும் என்று கையால் வரைந்துவிடு. பகுதியின் மூலங்கள், அதாவது அதைப் பூஜ்யமாக்கும் எஸ் மதிப்புகள், எஸ் தளத்தின் இடப்பக்கம் இருந்தால் அடங்கும், வலப்பக்கம் போனால் கட்டுமீறும். பிறகு சைலாப்பில் சரிபார். அது இலவச மென்பொருள். அரியர் விழுந்த பலரிடம் நான் பார்க்கும் கோளாறு இந்தப் பேப்பரில் இருப்பதில்லை, அதற்கு முந்தைய கணிதத்தில், லாப்லாஸிலும் பகுதிப் பின்னத்திலும் இருக்கிறது. அந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் முதலில் திரும்பிப் போ.

மறுபடி உங்களிடம், அம்மா. வேலை விஷயத்தில் இனிப்பாகப் பேச எனக்குப் பிடிக்காது. கருவியியல் படித்தவர்களில் பெரும்பாலோர் வேலையில் தினமும் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் எழுதுவதில்லை. அளவீடு சரிபார்ப்பது, வரைபடம் தயாரிப்பது, பராமரிப்பது என்றுதான் போகும். ஆலைப் பணி என்றால் ஷிப்ட் உண்டு, ஊர் மாற வேண்டியிருக்கும். தொடக்கச் சம்பளமும் சில இடங்களில் சாஃப்ட்வேரைவிடக் குறைவு. மாமா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் அவளுக்குப் பரிந்துரைப்பேன். மின்வாகன மோட்டார், பிரேக், என்ஜின் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் எழுதும் குழுக்கள் சென்னையிலும் கோவையிலும் உள்ளன. அங்கே சி மொழி தெரிந்து, இந்தப் பாடமும் புரிந்தவர் தேவை. வெறும் நிரல் மட்டும் எழுதத் தெரிந்தவர்கள் திணறும் இடம் அது. மேற்படிப்பு எண்ணம் இருந்தால், பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் கருவியியல், மின்னியல், மின்னணுவியல் ஆகிய மூன்று தாள்களிலும் இந்தப் பகுதி வருகிறது.

இந்த விடுமுறையில் அவள் சி மொழி கற்கட்டும், அரியருக்கும் படிக்கட்டும். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதை அரியர் முடிவு வரும்வரை தள்ளிப்போடுங்கள். மாமா ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதை வாங்கிக்கொண்டு, சேரும் தேதியை அடுத்த பேட்ச்சுக்கு மாற்ற முடியுமா, சேராவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.