மௌனப்படம் தேறுமா என்று சிற்றூர்க் கொட்டகைக்காரர் எப்படிக் கண்டுபிடித்தார்?

திரையைப் பார்த்து அல்ல, கூட்டத்தைப் பார்த்து.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்தில் சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்பு வைக்கும் தவசுப்பிள்ளை (சமையல்காரர்), 'எப்படி இருக்கு?' என்று யாரிடமும் கேட்க மாட்டார். பந்தி எழுந்ததும் இலையைப் பார்ப்பார். வழித்துச் சாப்பிட்டிருந்தால் சரி. சோற்றோடு ஒதுங்கிக் கிடந்தால் அடுத்த பந்திக்குள் உப்பைப் பார்த்தாக வேண்டும். கொட்டகைக்காரர் வேலையும் இதேதான்.

காரணம் எளிது. படம் வாடகைச் சரக்கு, சில நாள்தான் கையில் இருக்கும். பட்டணத்து விமர்சனத்தைவிட, தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர் நாளை வருவாரா என்பதுதான் அவருக்கு முக்கியம். நடுவில் வரும் எழுத்து அட்டைகளைப் பலருக்கும் படிக்கத் தெரியாது. திரைக்கருகில் ஒருவர் நின்று கதை சொல்வார். சண்டையில் விசில் பறந்தால் லாபம். கதை சொல்பவர் தொண்டை கிழியக் கத்தியும் பீடி பற்றவைக்க ஆட்கள் வெளியே நழுவினால், படப்பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அமெரிக்கச் சிற்றூர்க்காரர்களும் இப்படித்தான் எடைபோட்டார்கள். 1920களில் அங்கே கொட்டகைக்காரர்களுக்காக வந்த 'எக்ஸிபிட்டர்ஸ் ஹெரால்ட்' பத்திரிகைக்கே அதை எழுதி அனுப்பினார்கள். படத்தைத் திட்டிய கடிதங்கள்தான் படிக்கச் சுவை!

இன்னொன்று: மௌனப்படம் என்றதும் கொட்டகையும் மௌனமாக இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆர்மோனியம், தபலா, கதை சொல்பவர், குழந்தை அழுகை என்று அங்கே ஒரே இரைச்சல்.