‘மேம்படுத்தப்பட வேண்டும்’ – கடிதம்

அன்புள்ள அம்மா,

நான் தில்லியில் எம்.ஏ. முதலாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பிறவியிலேயே இடது கால் வளைவு, ஊன்றுகோலோடு நடப்பவன். போன செமஸ்டரில் எங்கள் கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பிரதிநிதியாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினோரு பேரிடம் தனித்தனியாகப் பேசினேன். பாவம், அவர்களுக்குத் தங்கள் குறையைக் கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் தொகுத்து, நல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்க மனுவாக்கி முதல்வரிடம் கொடுத்தேன்.

மனுவை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்று, பார்வையற்ற நண்பன் ஒருவன் அதை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இது நான் சொன்னதே இல்லை” என்று சத்தம் போட்டான். சக்கர நாற்காலியில் வரும் தோழி அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நல்லதுக்குத்தானே செய்தேன்? நடக்கச் சிரமப்படும் நான், பார்க்க முடியாதவருக்கும் கேட்க முடியாதவருக்கும் எப்படிப் பிரதிநிதியாக முடியும்? பொறுப்பை விட்டுவிடலாமா?

இன்னும் இரண்டு கேள்விகள். ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் சரிதானா? தமிழில் இவர்களைப் பற்றி வந்த நல்ல கதைகளின் பட்டியல் தர முடியுமா? மனுவையும் பேசும்போது எடுத்த குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் மயூர் விஹார் வீட்டில் பரண் ஒழித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட்டுகள். ‘சோழர் – 3’ என்று என் கையெழுத்து. போட்டுக் கேட்க வீட்டில் டேப் ரிக்கார்டர் இல்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. இல்லாவிட்டால் உங்களுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

கடைசிக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். சொல் விஷயம்: அவரவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படிக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி, தில்லியில் திவ்யாங். இரண்டு சொல்லாலும் ஒரு சாய்தளம்கூடக் கட்டப்பட்டு நான் பார்த்ததில்லை. கதைப் பட்டியல் தர மாட்டேன். பதினோரு பேர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், முதலில் அவர்களைக் கேளுங்கள்.

‘எப்படிப் பிரதிநிதியாக முடியும்’ என்பதும் வீண் கவலை. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016 சட்டத்தில் 21. இருபத்தொன்றும் ஒரே உடம்பில் இருக்கிற ஆளைத் தேடியா பிரதிநிதியாக்க முடியும்?

இப்போது திட்டு. உங்கள் கடிதம் எனக்கு நான்கு ஃபோட்டோவாக வந்தது. நோட்டில் எழுதி, படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். மனுவைக் குழுவில் போட்டதும் இப்படித்தானே? ‘யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டான்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது ஏன் என்று தோன்றவில்லையா? எழுத்தாக டைப் செய்து போட்டிருந்தால் அவருடைய ஃபோனே படித்துச் சொல்லியிருக்கும். டைப் செய்யும்போதும் யூனிகோடில் செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லை ஃபோனில் படித்துச் சொல்லும் மென்பொருள் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று வாசிக்கும். ஒரு பக்கம் முழுக்க அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

சரி, மனுவுக்கு வருகிறேன். உங்கள் குறிப்பையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். தோழி சொன்னதாக நீங்கள் குறித்திருப்பது: “என் நாற்காலி நுழைகிற கழிப்பறை கீழ்த்தளத்தில் ஒன்றுதான். அது பூட்டியே இருக்கும். சாவி காவலாளியிடம். அவர் இரண்டு மணிக்குச் சாப்பிடப் போனால் மூன்றரைக்குத்தான் வருவார். அதனால் காலேஜ் இருக்கிற நாளில் காலையிலிருந்து நான் தண்ணீர் குடிப்பதில்லை.”

மனுவில் இது ஒரு வரி. தமிழில் சொன்னால்: ‘கழிப்பறை வசதிகள் மேம்படுத்தப்பட வேண்டும்.’

தம்பி, எங்கே போனது அந்தத் தண்ணீர்? எங்கே போனது சாவி?

நான் ஒரு மத்திய அமைச்சகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்தவள். ‘மேம்படுத்தப்பட வேண்டும்’ என்று வருகிற மனு எங்களுக்கு வரப்பிரசாதம். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று அதில் ஒன்றும் இருக்காது. ‘நிதி நிலைமைக்கு உட்பட்டுப் பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போகலாம். நானே எத்தனையோ முறை போயிருக்கிறேன். ‘சாவி காவலாளியிடம் இருக்கிறது, மாணவியிடம் இன்னொரு சாவி கொடுங்கள்’ என்று ஒரு மனு வந்தால்தான் எங்களுக்குக் கஷ்டம். கமிட்டி போட முடியாது, டெண்டர் விட முடியாது. மாற்றுச் சாவி செய்ய என்ன பெரிய செலவு ஆகிவிடும்? மறுக்க ஒரு காரணமும் கிடைக்காமல் அதிகாரி அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். நீங்கள் 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு என்ன சொல்கிறது, 32ஆம் பிரிவு ஐந்து சதவீத இட ஒதுக்கீட்டைப் பற்றி என்ன சொல்கிறது என்று மனுவின் பாதியை நிரப்பியிருக்கிறீர்கள். அதெல்லாம் முதல்வருக்குத் தெரியும், தெரியாவிட்டாலும் தெரிந்த குமாஸ்தா ஒருவர் இருப்பார். அவருக்குத் தெரியாதது அந்தப் பெண் தண்ணீர் குடிப்பதில்லை என்பது. அதைத்தான் நீங்கள் நல்ல ஆங்கிலத்துக்காக அடித்துவிட்டீர்கள்.

உங்கள் நண்பன் சொன்னது இதைவிட மோசமாகியிருக்கிறது. பரீட்சையில் ஸ்கிரைபாக, அதாவது சொல்லச் சொல்ல எழுதித் தருபவராக, வந்தவர் இவர் சொன்னதை எழுதாமல் ‘சரிசெய்து’ எழுதினார் என்பது அவருடைய புகார். அந்தப் புகாரையும் நீங்கள் சரிசெய்து ‘ஸ்கிரைப்களின் தரம் மேம்படுத்தப்பட வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சத்தம்தான் போட்டார் என்றால் பொறுமைசாலிதான்.

உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், இல்லை.

1983 ஏப்ரல். எனக்கு 19 வயது, பி.ஏ. இரண்டாம் வருடம். கரோல் பாகில் எங்கள் தெருவிலேயே ஒரு பர்சாத்தியில் (மொட்டைமாடி அறை) பார்வையற்ற அண்ணா ஒருவர் தங்கி எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவருக்குப் பாடம் படித்துச் சொல்வேன், கேசட்டில் பதிந்தும் கொடுப்பேன். கடைசி வருடப் பரீட்சைக்கு நீயே எழுதும்மா என்றார். எழுதுபவர் அவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும், நான் அதற்குப் பொருந்தினேன். (2018இல் வந்த விதியிலும், சொந்தமாக ஆள் கூட்டிவந்தால் ஒரு படி குறைந்த படிப்பு என்றுதான் இருந்தது.)

பேச்சுச் சத்தம் மற்றவர்களைத் தொந்தரவு செய்யுமென்று எங்களை உடைந்த நாற்காலிகள் அடுக்கிய ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி ஒரு கேள்வி. முதலாம் பராந்தகன், குடவோலை, எல்லாம் நான் படித்துக் கொடுத்ததுதான். அண்ணா மெதுவாகச் சொன்னார்: இதை மக்களாட்சி என்று சொல்வது தவறு. வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வயது 35இலிருந்து 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். இவை இல்லாதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே விழாது.

எனக்குக் கை ஓடவில்லை. எங்கள் அப்பா தமிழ் விழாக்களில் மேடையேறி, உலகத்துக்கே தேர்தலைக் கற்றுக் கொடுத்தவன் தமிழன் என்று பேசுகிறவர். அதோடு, திருத்துபவர் தமிழராக இருந்துவிட்டால் அண்ணாவுக்கு மார்க் குறையுமே என்றும் நினைத்தேன். ‘சில வரம்புகள் இருந்தபோதிலும் உலகின் தொன்மையான மக்களாட்சி முறைகளுள் ஒன்று’ என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். “படி” என்றார். அவர் சொன்னதை அப்படியே நினைவிலிருந்து ஒப்பித்தேன். தாள் என் கையில் இருந்தது, அவருக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் டிடிசி பஸ்ஸில் நானே சொன்னேன். பாராட்டுவார் என்று நிஜமாகவே நினைத்தேன். என்ன எழுதினாய் என்று இரண்டு தரம் சொல்லச் சொன்னார். அப்புறம், “அது உன்னோட பதில்மா. என் நம்பர்ல எழுதியிருக்க” என்றார். கரோல் பாக் வரும்வரை வேறு பேச்சில்லை.

அடுத்த தாளுக்குப் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையனைக் கூட்டிப் போனார். கோழி கிளறின கையெழுத்து. ஊர்ப் பெயர்களை எல்லாம் எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்ததாம். நேரம் போதாமல் ஒரு கேள்வி விட்டுப்போனது. இன்றைக்கு மணிக்கு இருபது நிமிடம் கூடுதலாக உண்டு, அன்று அவருக்குக் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை படிக்க மட்டும் நான் வழக்கம்போலப் போனேன். பரீட்சை எழுத என்னைப் பிறகு கூப்பிடவே இல்லை.

2021இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறுள்ள இளைஞர் ஒருவருக்கு, குறைபாடு சான்றிதழ் தருகிற அளவுக்கு இல்லை என்று யுபிஎஸ்சி ஸ்கிரைப் மறுத்த வழக்கு. அவருக்கு ஸ்கிரைப் உண்டு என்றதோடு, யாருக்கு எந்த ஏற்பாடு என்பதை அந்த ஆளோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வந்தது.

அண்ணா கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்று இப்போது ஜனக்புரியில் இருக்கிறார். உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்பினேன். ‘ஃபோட்டோ, ஃபோட்டோ, ஃபோட்டோ, ஃபோட்டோ’ என்று ஃபோன் சொன்னதாம். கூப்பிட்டுத் திட்டினார், உங்களுக்கு விழ வேண்டியது எனக்கு விழுந்தது. நான் படித்துக் காட்டினேன். “பாவம், அவர்களுக்கு” என்ற இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அவர் மனசு நோக வேண்டாமே என்றுதான்.

“ஏதோ விட்டுட்ட மாதிரி இருக்கே” என்றார். எழுபதை நெருங்கும் வயதில் அந்தக் காது!

“ஒண்ணுமில்லண்ணா.”

“பையன் எழுதினபடி படி.”

படித்தேன். சிரித்தார். பிறகு உங்கள் குறிப்புகளை முழுக்கக் கேட்டார், தோழி சொன்ன இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். குறிப்புகளை எழுத்தாக டைப் செய்து அனுப்பினால் தானே படித்துக்கொள்வதாகச் சொல்கிறார். மனு வேண்டாமாம். அந்தப் பெண்ணுக்குச் சாவி கிடைத்ததா என்றும் கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா