கடைக்காரருக்கு அங்கே என்ன வேலை?

வாசகர் கடிதம்:

"அக்கா, எனக்கு வயது 33. பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன், ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கம்பெனி ஒன்று வருடத்துக்கு 54,000 யூரோ சம்பளத்தில் கூப்பிடுகிறது, திறமையான வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கொடுக்கிற ப்ளூ கார்டு விசா. கணவருக்கு எம்.சி. ரோட்டில் மாமனார் காலத்துத் துணிக்கடை. மகளுக்கு ஐந்து முடியப்போகிறது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். சின்ன வயதில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர், 'ஒரு தபா ஊர் மாறினதே போதும், நீங்க போங்க' என்கிறார். கணவர் 'நீ சொன்னா கடைய மூடிட்டு வரேன்' என்கிறார், ஆனால் முகம் சரியில்லை. நிரந்தரமாக அங்கேயே செட்டில் ஆகிவிடலாமா? குளிர், பள்ளிக்கூடம், சேமிப்பு எல்லாம் எப்படி?"

தங்கச்சி,

கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் என்னை உறுத்தியது "முகம் சரியில்லை" என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த வரிதான். நான் பெரம்பூர்க்காரி, ஜெர்மனியில் சில வருடம் குடித்தனம் நடத்திவிட்டு வந்தவள். அங்கே பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய குடும்பங்களில் நான் பார்த்தவரை குளிர் தாங்காமல் வந்தவர்கள் ரொம்பக் கம்மி. ஒருத்தர் வேலைக்குப் போக, கூட வந்த இன்னொருத்தர் நாலு சுவரைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய்த் திரும்பியவர்கள்தான் நிறைய. பெரும்பாலும் அது மனைவியாக இருக்கும், அவள் அழுதாவது தீர்த்துக்கொள்வாள். உங்கள் வீட்டில் அது அவர். எம்.சி. ரோட்டுக் கடைக்காரர் எங்கே போய் அழுவார்?

யோசித்துப் பாருங்கள், காலை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி வரை அவருக்குப் பேச்சுதான் வேலை. "இந்தக் கலர்ல வேற காட்டுப்பா" என்று ஐம்பது துணியைப் பிரித்துப் போட வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்திருக்கும் அம்மாவையே "அக்கா, உங்களுக்காகக் கடைசி விலை" என்று உட்கார வைக்கிற மனுஷன். அவரைக் கொண்டுபோய், மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் காலை பதினொரு மணிக்குப் பேச ஓர் ஆள் இல்லாத மூன்றாவது மாடி வீட்டில் உட்கார வைக்கப் போகிறீர்கள். சட்டம் அவருக்கு எந்தத் தடையும் போடவில்லை. ப்ளூ கார்டுக்காரரின் கணவன் அல்லது மனைவி போன உடனே எந்த வேலையும் பார்க்கலாம், விசாவுக்கு ஜெர்மன் பரீட்சை சர்டிஃபிகேட்கூடக் கேட்பதில்லை. அந்தச் சலுகைதான் ஆளைக் கவிழ்க்கிறது. கேட்கவில்லையே என்று படிக்காமல் போவார், போன பிறகு சூப்பர்மார்க்கெட்டில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலைக்குக்கூட நாலு வார்த்தை ஜெர்மன் வேண்டும் என்று தெரியவரும். உங்கள் ஆபீஸில் இங்கிலீஷ் ஓடும். அவர் போகிற இடத்தில் ஓடாது.

அதனால் முதல் வேலை, இப்போதே அவரை ஜெர்மன் வகுப்பில் சேர்ப்பது. நுங்கம்பாக்கம் ரட்லேண்ட் கேட்டில் கோத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஆயிரம் விளக்கில் இறங்கி நடந்துவிடலாம். மொழிப் படிப்பின் முதல் இரண்டு படிகளான ஏ1, ஏ2 இரண்டையும் இங்கேயே முடிக்கட்டும். அங்கே போன பிறகு அரசாங்கத்தின் ஒருங்கிணைப்புப் படிப்பு இருக்கிறது, 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் அந்த நாட்டின் சட்டம், வரலாறு. அதில் அடுத்த படியான பி1 வரை வரலாம். "கடையை விட்டுட்டு எப்படி கிளாஸுக்குப் போறது" என்று அவர் சொன்னால், அதுவும் நல்லதுக்குத்தான். வாரத்தில் சில மணி நேரமே கடையை விட முடியாதவர் மொத்தமாக எப்படி விடுவார் என்ற பேச்சை ஏர்போர்ட்டில் பேசுவதை விட இப்போது வீட்டில் உட்கார்ந்து பேசிவிடலாம் இல்லையா?

கடையை மூட வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரி. ஜெர்மனியில் புது வேலை என்றால் வழக்கமாக ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதற்குள் கம்பெனி இரண்டே வாரம் அவகாசம் கொடுத்து அனுப்பிவிட முடியும். அது முடிகிற வரைக்கும் ஷட்டர் திறந்தே இருக்கட்டும். அதற்கப்புறமும் விற்காமல், நம்பிக்கையான ஆளிடம் நடத்தக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். எம்.சி. ரோட்டில் ஒரு தடவை கைவிட்ட இடம் திரும்பக் கிடைக்குமா என்பதை என்னை விட உங்கள் வீட்டுக்காரர் நன்றாகச் சொல்வார்.

சரி, பணம். 54,000 என்பதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்திருப்பார்கள். மாதம் 4,500, அதில் வரி, உடல்நலக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடித்தது போக நீங்கள் மட்டும் அங்கே இருக்கும்வரை கைக்கு 2,900-ஐ ஒட்டித்தான் வரும். அவர் வந்து சேர்ந்து, வருமானமில்லாத துணை இருப்பவர்களுக்கான வரி வகுப்புக்கு மாறினால் ஒரு 300 கூடும். குழந்தைக்கு அரசாங்கம் தருகிற உதவித்தொகை 2025 கணக்கில் மாதம் 255 யூரோ. ஸ்டுட்கார்ட் வாடகை கொள்ளை, மூன்று பேர் இருக்கிற மாதிரி வீடு ஹீட்டிங்கோடு சேர்த்து 1,400-க்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்பார்கள், அப்புறம் கதவைத் திறந்தால் பல வீட்டில் சமையலறையே இருக்காது, வெறும் குழாயும் சுவரும்தான், அடுப்பு, அலமாரி, சிங்க் எல்லாம் நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். டி.வி. இருக்கிறதோ இல்லையோ, ஒலிபரப்புக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லிக் கடிதம் வந்துவிடும் (எனக்கு வந்த முதல் ஜெர்மன் கடிதமே அதுதான், ஏதோ மோசடி என்று நினைத்தேன்). எல்லாம் போக மாதம் 700, 800 யூரோ மிஞ்சினால் நீங்கள் கெட்டிக்காரி. நல்ல மாதத்தில் கடை எவ்வளவு தருகிறது என்று அவரிடம் கேட்டு இதோடு வைத்துப் பாருங்கள். பணத்துக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு உங்களைப் போக வைக்காது.

போக வைக்க வேறு காரணங்கள் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் காப்பீட்டிலேயே வருமானமில்லாத கணவரும் மகளும் கூடுதல் காசில்லாமல் சேர்ந்துகொள்வார்கள். அரசுப் பள்ளிக்கு ஃபீஸ் கிடையாது. ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் போன் வராது, ஓ.எம்.ஆரில் வேலை பார்த்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மகள் விஷயத்தில் உங்களுக்கு நேரம் நன்றாகவே கூடி வந்திருக்கிறது. அங்கே ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பு, செப்டம்பரில் தொடங்கும். நாலாம் வகுப்பு முடிந்ததும் எந்த வகைப் பள்ளிக்குப் போவது என்று பிரித்துவிடுவார்கள், அதனால் எட்டு ஒன்பது வயதில் மொழி தெரியாமல் போய் இறங்குகிற குழந்தைக்குத்தான் கஷ்டம். உங்கள் பெண் ஒன்றாம் வகுப்புக்குச் சில மாதம் முன்னால் போய்ச் சேர்ந்தால் போதும், ஒரே வருடத்தில் அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும். ஒரு பேஜார் மட்டும் உண்டு: பொங்கல், மச்சான் கல்யாணம் என்று நடுவில் லீவு போட்டு ஊருக்குக் கூட்டிவர முடியாது, பள்ளிக்கூடம் கட்டாயம். விடுமுறையில்தான் வர முடியும், அப்போதுதான் டிக்கெட் விலையும் உச்சியில் நிற்கும். தமிழ் மறந்துபோகுமே என்று கவலை வேண்டாம், ஈழத் தமிழர்கள் அந்த நாடு முழுக்கத் தமிழாலயம் என்ற பெயரில் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகிறார்கள். எண்பதுகளில் உயிர் தப்பி அகதியாகப் போனவர்கள், ஹம் நகரத்தில் 2002-இல் காமாட்சி அம்மனுக்கு ராஜகோபுரத்தோடு கோயிலே எழுப்பியவர்கள். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அவர்கள் கடையில்தான் வாங்குவீர்கள். உங்கள் வீட்டுக்காரர் முதலில் போய் நிற்க வேண்டிய இடமும் அதுதான் என்பது என் எண்ணம், அங்கே அவருக்கு நாக்கு திரும்ப வரும்.

குளிர் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை, கோட்டு போட்டால் தீர்ந்தது. இருட்டுதான் ஆளை அடிக்கும். டிசம்பரில் ஸ்டுட்கார்ட்டில் காலை எட்டே காலுக்குச் சூரியன் வந்து மாலை நாலரைக்குப் போய்விடும். அதனால் அவரும் மகளும் குளிர்காலத்தில் போய் இறங்கக் கூடாது. நீங்கள் முன்னால் போங்கள். அவர் தீபாவளி, பொங்கல் வியாபாரத்தை முடித்துக்கொண்டு, படித்த ஜெர்மனோடு ஏப்ரல், மே மாதத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு வரட்டும். வெயில் இருக்கும், பார்க்கில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது மாமியார். "முதல்ல நாங்க போறோம், ரெண்டு வருஷத்துல உங்களையும் கூட்டிக்கிறோம்" என்று ஒருக்காலும் சொல்லிவிடாதீர்கள். 2024 மார்ச் 1 முதல் புதிதாக ப்ளூ கார்டு வாங்குகிறவர்கள் பெற்றோரையும், துணையின் பெற்றோரையும்கூட அழைத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. ஏஜென்ட் இதைச் சொல்லி ஆசை காட்டுவார். அவர் சொல்லாதது, அதற்கு முழு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும், எழுபதை நெருங்கும் அம்மாவை அரசுக் காப்பீட்டில் சேர்க்க மாட்டார்கள், தனியார் காப்பீட்டுக் கம்பெனியோ மாட்டேன் என்று சொல்லும், இல்லாவிட்டால் உங்கள் சம்பளத்தில் பெரிய துண்டைக் கேட்கும். நடக்கக்கூடியது, விசிட் விசாவில் 180 நாளில் 90 நாள், கோடையில் வந்து பேத்தியோடு இருந்துவிட்டுப் போவது. அதுவும் அவர் விரும்பினால். பர்மாவில் கடை கண்ணியை விட்டுவிட்டுக் கையில் கிடைத்ததோடு கப்பல் ஏறிய குடும்பத்துப் பிள்ளை அவர், அந்தத் தலைமுறை வியாசர்பாடியில் குடிசை போட்டு எழுந்து வந்த கதை உங்களுக்கும் தெரியும். "போதும்" என்று அவர் சொன்னால் அதைச் சடவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தெரிந்துதான் சொல்கிறார். நீங்கள் செய்ய வேண்டியது, இங்கே அவரோடு ராத்திரி யார் படுத்துக்கொள்வார்கள், உடம்புக்கு முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற ஆள் யார், அந்த ஆளுக்கு மாதம் என்ன தருவீர்கள் என்பதைப் பேசி முடிப்பது. "சொந்தக்காரங்க பாத்துப்பாங்க" என்றால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், பேரைச் சொல்லி முடிவு பண்ணுங்கள். அவசரம் என்றால் உங்கள் வீட்டுக்காரர் வந்து மாதக்கணக்கில் தங்கலாம், பொதுவாக ஆறு மாதம் வெளியே இருந்தால் அனுமதி போய்விடும் என்றாலும் ப்ளூ கார்டுக் குடும்பங்களுக்குப் பன்னிரண்டு மாதம் வரை இடம் இருக்கிறது. போவதற்கு முன் அங்கே உள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை எழுதிக் கேட்டுக்கொள்ளட்டும்.

"நிரந்தரமாகவா" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது அதை முடிவு செய்யாதீர்கள். ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை பார்த்து ஏ1 ஜெர்மன் இருந்தால் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்கலாம், பி1 இருந்தால் 21 மாதத்திலேயே. அதனால் நீங்களும் ஆபீஸில் இங்கிலீஷ் போதும் என்று இருந்துவிடாமல் பி1 முடியுங்கள். அங்கேயும் காற்று மாறிக்கொண்டிருக்கிறது, 2025 பிப்ரவரி தேர்தலில் குடியேறிகளை எதிர்க்கும் ஏ.எஃப்.டி. கட்சி 20.8 சதவீத ஓட்டோடு இரண்டாவது இடத்துக்கு வந்தது, மூன்றே வருடத்தில் குடியுரிமை என்று இருந்த குறுக்கு வழியை அந்த வருடமே எடுத்துவிட்டார்கள், ஐந்து வருட வழி இருக்கிறது. ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கினால் ஜெர்மனி ஒன்றும் சொல்லாது, இந்தியாதான் இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்ளாது, நம் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்க வேண்டும். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இதெல்லாம் பிற்பாடு. அந்த இருபத்தொரு மாதக் கெடு வரும்போது நாலு பேரும் உட்கார்ந்து, இருக்கலாமா திரும்பலாமா என்று பேசுவோம் என இப்போதே சொல்லி வையுங்கள். அந்தப் பேச்சில் அவருடைய ஓட்டுக்கு உங்களுடையதை விட ஒன்று கூட வைத்துக்கொள்ளுங்கள். கடையை விட்டுவிட்டு வருகிறவர் அவர்.

கிளம்புமுன் பார்க்க வேண்டியதில் முக்கியமானது பேப்பர். கோயிலில் கல்யாணம் முடித்துப் பதிவு செய்யாமலே விட்டிருந்தால் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடுங்கள். நம் வீடுகளில் அப்பா பெயர்தான் இனிஷியல், அதனால் பாஸ்போர்ட்டில் உங்களுக்கு ஒரு குடும்பப் பெயர், அவருக்கு ஒன்று, மகளுக்கு இன்னொன்று என்று இருக்கும். அது தப்பில்லை, அவசரப்பட்டுப் பெயர் மாற்றவும் வேண்டாம். ஆனால் கல்யாணச் சர்டிஃபிகேட், மகளின் பிறப்புச் சர்டிஃபிகேட், மூன்று பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே ஸ்பெல்லிங் இருக்கிறதா பாருங்கள். உங்கள் விசாவுக்கு மனு போடும்போதே அவர்கள் இரண்டு பேருக்கும் போட முடியுமா என்று கேட்டுவிடுங்கள், தனியாகப் போட்டால் காத்திருப்பு நீளும். பேங்கில் சொல்லி சாதாரணக் கணக்கை, வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், நிறைய பேர் இதை வருடக்கணக்கில் செய்யாமல் விட்டு அப்புறம் முழிப்பார்கள்.

பி.கு.வில் மிக்ஸி கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக, மின்சாரம் இங்கே மாதிரியே 230 வோல்ட், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் சட்னி அரைக்காதீர்கள், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.