வலி விடுகிறதா என்று பாருங்கள்

கேள்வி: முதல் பிரசவம். 36 வாரம் முடிந்துவிட்டது. பிரசவ வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது. ஊசி மருந்து இல்லாமல் வலியைத் தாங்க முடியுமா? வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியால் காலமெல்லாம் முதுகு வலிக்குமாமே? கத்தினால் நர்ஸ்கள் திட்டுவார்கள் என்கிறார்கள். வலி சீக்கிரம் வர மாமியார் விளக்கெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறார், குடிக்கலாமா?
- பட்டுக்கோட்டை வாசகி

பதில்: வலியைவிட, அந்த அறையில் தன்னந்தனியாக மாட்டிக்கொள்வோமோ என்பதுதான் உங்கள் பயம். அதற்கு வழி இருக்கிறது. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லிருந்தே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதல்களும் இதைப் பரிந்துரைக்கின்றன. கூடவே ஆள் இருக்கும் பெண்களுக்கு வலி மருந்தும் குறைவாகத் தேவைப்படுகிறது, சிசேரியனும் குறைகிறது. ஆனால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் முனகுவதற்கு முன்பே "ஐயோ, என் பிள்ளைக்கு என்ன ஆச்சோ" என்று அழத் தொடங்கும் சித்தி வேண்டாம்.

வீடியோக்களில் வெட்டி எறியப்படும் பகுதி ஒன்று உண்டு: இரண்டு வலிகளுக்கு நடுவிலுள்ள நேரம். வலி நன்றாகப் பிடித்த பிறகு பத்து நிமிடத்துக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் சுமார் 14 நிமிடம்தான் வலி. மிச்சம் 46 நிமிடம் கருப்பை தளர்ந்து கிடக்கிறது. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு ஆக்ஸிஜன் தடையில்லாமல் போகும் நேரமும் அதுதான். அடுத்த வலி எப்போது வருமோ என்று பல்லைக் கடித்தபடி இந்த 46 நிமிடத்தையும் கழிப்பவர்கள்தான் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். அந்த நேரத்தில் தோளைத் தளர்த்துங்கள், இரண்டு மடக்கு இளநீரோ கஞ்சியோ குடியுங்கள் (மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர), சிறுநீரை அடக்காமல் கழியுங்கள்.

வலி ஏறும்போது மல்லாந்து படுக்காதீர்கள். நடக்கலாம், கட்டிலைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிற்கலாம். படுத்தே ஆக வேண்டுமென்றால் இடது பக்கமாக. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வாய் வழியே விடுங்கள். விரல் நுனி மரத்துப்போனால் வேக வேகமாக மூச்சு வாங்குகிறீர்கள் என்று பொருள். குழந்தையின் முகம் முன்பக்கம் பார்த்தபடி இருந்தால் வலி பெரும்பாலும் இடுப்பின் பின்புறம்தான் கொல்லும். அப்போது துணைக்கு வந்தவர் உள்ளங்கையின் அடிப்பகுதியை, முதுகுத்தண்டு முடியும் தட்டையான எலும்பின் மேல் வைத்து, வலி ஏறத் தொடங்கியதும் தன் உடம்பு எடையைக் கொடுத்து அழுத்த வேண்டும். இறங்கியதும் எடுத்துவிட வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் எரிச்சல்தான் வரும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு, சூடு பொறுக்கும் அளவில், அதே இடத்தில் சுகமாக இருக்கும்.

நான் நடுநடுவே விடும் வலியைப் பற்றித்தான் இவ்வளவும் சொன்னேன். விடாத வலி வேறு சங்கதி. வயிறு கல்லாக இறுகி, நடுவில் தளராமல், தொட்டாலே வலித்தால், குழந்தை பிறக்கும் முன்பே நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துகொண்டிருக்கலாம். இரத்தம் வெளியே வர வேண்டும் என்பதுகூட இல்லை. உள்ளேயே தேங்கியும் நிற்கலாம். இரத்த அழுத்தம் கூடியிருப்பவர்களும், வழுக்கி விழுந்து வயிற்றில் அடிபட்டவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இதற்கு மூச்சுப் பயிற்சியும் இல்லை, ஒத்தடமும் இல்லை. சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகக் கஷாயம் கொதிக்க வைத்து, குடித்துவிட்டு அரை மணி நேரம் பார்ப்பதும் கூடாது. 108-ஐ அழைத்து, "வயிறு தளரவே இல்லை" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். வலி தொடங்கியதும் வயிற்றில் கைவைத்து, இறுகுகிறதா, பிறகு விடுகிறதா என்று பார்க்க உங்கள் துணைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

விளக்கெண்ணெய் கூடாது. 37 வாரம்கூட நிறையாத குழந்தையை எதற்காக அவசரப்படுத்த வேண்டும்? அது குடலைக் கலக்கிப் பேதியாக்கும், உடம்பில் நீர் வற்றும், இடைவெளி இல்லாமல் வலியைக் கிளப்பிவிடவும் கூடும். நான் மேலே சொன்ன அந்த 46 நிமிடத்தை நீங்களே ஏன் தொலைக்க வேண்டும்? மாமியாரிடம் டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்றார் என்று என் தலையில் பழியைப் போடுங்கள்.

எபிடியூரலால் காலமெல்லாம் முதுகுவலி என்பது வெறும் கதை. ஊசி குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கும், அவ்வளவுதான். தாங்கவே முடியாமல் போனால், உங்கள் மருத்துவமனையில் வசதியும் இருந்தால், கேட்டுப் பெறுங்கள். வலி வர மருந்து கலந்து குளுக்கோஸ் ஏற்றினால் வலி கடுமையாகத்தான் இருக்கும். அப்போது கேட்பதில் வெட்கம் என்ன? கத்துவது? தாராளமாகக் கத்துங்கள், அடித்தொண்டையில் முனகினால் தொண்டையாவது மிஞ்சும். திட்டுகிற ஊழியர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் துணை நிற்கும்போது அந்தத் திட்டு பெரும்பாலும் வராது.

அடுத்த பரிசோதனைக்குத் துணைக்கு வரப்போகிறவரையும் அழைத்துப் போங்கள். உள்ளே விடுவார்களா, என்ன கொண்டுவரச் சொல்வார்கள் என்று அன்றே கேளுங்கள். இடுப்பில் அழுத்த வேண்டிய இடத்தை நர்ஸை ஒருமுறை தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.