டொக்டரிடம் கேளுங்கள்: பிறபொருளெதிரி இருந்தும் எச்.ஐ.வி. ஏன் போகாது?

கேள்வி: டொக்டர், நான் மல்லாவியில் உயர்தர உயிரியல் படிக்கிறேன். சின்னமுத்துக்கு இரத்தத்தில் பிறபொருளெதிரி (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்கிற புரதம்) இருந்தால் இனி அந்த வருத்தம் வராது என்று படித்தோம். எச்.ஐ.வி.க்குப் பிறபொருளெதிரி இருந்தால் மட்டும் நோய் இருக்கிறது என்கிறார்கள். எச்.ஐ.வி.க்கு வருவது வேலை செய்யாத பிறபொருளெதிரியா?

பதில்: வேலை செய்யும் பிள்ளை, நன்றாகவே செய்யும். ஆனால் அது பிடிப்பது சில மாதத்துக்கு முந்தின வைரசை.

2003இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள், டக்ளஸ் ரிச்மனுடையதும் ஜோர்ஜ் ஷோவுடையதும், இதைச் செய்தே காட்டின. தொற்று வந்தவர்களிடம் மாதக்கணக்காக இரத்தம் எடுத்துச் சேமித்து வைத்தார்கள். இரத்தத்தை ஒரு குழாயில் ஓயவிட்டால் மேலே மஞ்சளாக ஒரு தெளிவு நிற்கும், பிறபொருளெதிரி இருப்பது அதில்தான். ஒருவருடைய இன்றைய தெளிவை, அவரிடமே சில மாதம் முன்பு எடுத்த வைரசோடு கலந்தால் வைரசு அடங்கிப்போகிறது. அவருடைய இன்றைய வைரசோடு கலந்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் சில மாதம் போனால் இன்றைய வைரசையும் பிடிக்கிற பிறபொருளெதிரி வந்துவிடும், அதற்குள் வைரசு வேறாகிவிடும்.

வைரசு யோசித்துத் தப்புகிறது என்று நினைக்கக் கூடாது. முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள், ஒரே களைநாசினியைக் காலபோகத்துக்குக் காலபோகம் அடித்தால் என்ன ஆகும் என்று. முதல் வருடம் வயல் சுத்தமாக இருக்கும், ஆனால் எங்கோ வரம்போரம் அந்த மருந்துக்குச் சாகாத நாலைந்து களை நின்று விதை போடும், சில வருடத்தில் வயல் முழுக்க அதனுடைய பிள்ளைகள்தான். மருந்து களையை மாற்றவில்லை, சாகாததை மட்டும் விட்டுவைத்தது. பிறபொருளெதிரி எச்.ஐ.வி.க்குச் செய்வதும் அதேதான்.

அந்தச் சாகாத நாலைந்து எங்கிருந்து வருகிறது? எச்.ஐ.வி.யின் ஆர்.என்.ஏ., அதாவது அதன் மரபுக் குறிப்பு, கிட்டத்தட்ட 10,000 எழுத்து. அதைப் பிரதி எடுக்கிற நொதியம் எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தாது, அதனால் சில பிரதிக்கு ஒன்று என்ற கணக்கில் விகாரம், அதாவது எழுத்துப் பிழை, விழுந்துகொண்டே இருக்கும். மருந்தில்லாத ஒரு உடம்பில் ஒரு நாளைக்கு 1000 கோடி அளவில் புது வைரசு உண்டாகிறது. பெரும்பாலான பிழைகள் வைரசையே கெடுத்துவிடும்தான், ஆனாலும் இவ்வளவு பிரதிக்குள் தப்பக்கூடிய ஒன்று கட்டாயம் இருக்கும்.

தப்புகிற விதத்தில் என்னை இன்றைக்கும் மலைக்க வைப்பது சீனிதான். வைரசின் மேலே சராசரியாக 14 முள் மட்டும் இருக்கும், பிறபொருளெதிரிக்கு முக்கியமான இலக்கு அதுதான். அந்த முள்ளின் வெளிப்பகுதிப் புரதத்தில் நிறையில் பாதி சீனி. அந்தச் சீனியைப் பூசிவிடுவது நம்முடைய கலமே, அதனால் நம் உடம்புக்கு அது நம்முடைய பொருள் மாதிரித் தெரிகிறது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், ஒரு சீனிக்கொத்து கொஞ்சம் தள்ளி முளைக்கும், நேற்றுப் பிறபொருளெதிரி பிடித்த இடம் இன்றைக்கு மூடிப்போயிருக்கும்.

சின்னமுத்து வைரசும் பிழைவிட்டுத்தான் பிரதி எடுக்கும். ஆனால் அதனுடைய வெளிப்புரதத்தைப் பெரிதாக மாற்றினால் கலத்துக்குள் நுழையவே முடியாது. 1954இல் எடுத்த ஒரு வைரசின் வழிவந்த தடுப்பூசி இன்னும் பலன் தருவது அதனால்தான்.

எச்.ஐ.வி.யிலும் மாற முடியாத இடங்கள் உண்டு. கலத்தைப் பற்றிப் பிடிக்கிற பள்ளம் அப்படி ஒன்று, சீனிக்குள்ளே ஒளிந்து கிடக்கிறது. தொற்று வந்தவர்களில் சிலருக்கு, சில வருடம் இந்தத் துரத்தல் நடந்த பிறகு, அந்தப் பள்ளத்தைப் பிடிக்கிற பிறபொருளெதிரி உருவாகிறது, அது உலகத்தின் பல பாகத்து எச்.ஐ.வி.யையும் தடுக்கும். ஆபிரிக்காவில் ஒருவரைத் தொற்றின் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், வைரசு பலவிதமாகப் பிரிந்த பிறகே பிறபொருளெதிரி பரந்து வேலை செய்யத் தொடங்கியது தெரிந்தது. இப்போது தடுப்பூசி செய்கிறவர்கள் அந்தப் படிகளைப் பல ஊசிகளாகக் கொடுக்கப் பார்க்கிறார்கள். 2022இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் முதல் படி 36 பேரில் 35 பேருக்குச் சரிவந்தது. முதல் படி மட்டும்தான், ஆனால் எனக்குப் பெரிய நம்பிக்கை.

கேள்வி: எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கு இரத்தத்தில் பிறபொருளெதிரி இருந்தால் பிள்ளைக்கும் தொற்றா? (மாங்குளம் வாசகி)

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. தாயின் பிறபொருளெதிரி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், 18 மாதம் வரைகூட நிற்கும். அதனால் பிள்ளைக்கு வைரசையே தேடுகிற பி.சி.ஆர். சோதனை செய்வார்கள். தாய் ஒழுங்காக மருந்து எடுத்தால் பிள்ளைக்குப் போகிற வாய்ப்பு மிக மிகக் குறைவு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் கேட்கிற இரத்தத்தைப் பயப்படாமல் கொடுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாகக் குளிசை எடுக்கிறேன். இரத்தத்தில் வைரசு தெரியவில்லை என்கிறார்கள். கிளினிக் தூரம், காலை பஸ்ஸை விட்டால் அந்த நாள் போச்சு. போன மாதம் ஒன்பது நாள் குளிசை இல்லாமல் இருந்தேன், ஒன்றும் செய்யவில்லை. இனி விட்டுவிடலாம்தானே? (பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு)

பதில்: விட வேண்டாம். தயவு செய்து விட வேண்டாம். "தெரியவில்லை" என்றால் மெசின் எண்ணக்கூடிய அளவுக்குக் கீழே என்று அர்த்தம். சில கலங்களுக்குள் வைரசு தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது, குளிசை நின்றால் எழும்பும்.

மேலே மாணவிக்கு எழுதியதையும் வாசியுங்கள். வைரசு மாறுவது பிரதி எடுக்கும்போதுதான், உங்கள் குளிசை நிறுத்துவது அந்தப் பிரதி எடுப்பதை. 1987இல் ஏ.இசட்.ரி. என்ற ஒரே மருந்தைத் தனியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள், வைரசு அதற்கும் தப்பப் பழகியது. 1996 அளவில் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் நிலைமை மாறியது, ஏனென்றால் மூன்றுக்கும் தப்புகிற பிழைகள் ஒரே வைரசில் ஒன்றாக விழுவது மிக அரிது. நீங்கள் இடையில் நிறுத்தினால் எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் உடம்பை விட்டுப் போகாது. ஒன்று மட்டும் கொஞ்சநாள் தனியாக நிற்கும், அந்த நேரம் உங்கள் உடம்பு ஒரே களைநாசினி அடித்த வயல்.

ஒன்பது நாளில் கட்டாயம் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பார்க்க வேண்டும். வைரசு தெரியாத அளவில் இருக்கும்வரை உடலுறவு மூலம் உங்கள் துணைக்குப் பரவாது, அது கூடினால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. அதனால் அடுத்த திகதி வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே போய், குளிசையைத் திரும்பத் தொடங்குங்கள், விட்ட நாட்களை மறைக்காமல் சொல்லி, வைரசின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ் பிரச்சினையையும் சொல்லி, இரண்டு கிழமைக் குளிசை மேலதிகமாகக் கையில் இருக்கிற மாதிரித் தரச் சொல்லிக் கேளுங்கள்.