"அப்போ நிலா ஏன் ஓடிப்போகல அக்கா?"

வணக்கம் சார்,

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம். ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி நாளுக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வைத்தேன். சந்திரயான்-3 நிலவுக்குப் போக ஏன் நாற்பது நாள் ஆனது என்பதை ஒரு பையன் ஊஞ்சலை வைத்து விளக்கினான், அருமையாக இருந்தது. அடுத்து வந்த பெண், "விண்வெளியில ஈர்ப்பு விசையே கிடையாது, அதனாலதான் எல்லாரும் மிதக்கறாங்க" என்றாள். உடனே ஒரு பொடியன் எழுந்து, "அப்போ நிலா ஏன் ஓடிப்போகல அக்கா?" என்று கேட்டான். அவளுக்குப் பதில் தெரியவில்லை. கண் கலங்கி நின்றாள். நான் முன்னால் போய்ப் பதில் சொல்லி முடித்து வைத்தேன். "தப்பும் தவறுமா சொல்லிக் கொடுத்தா அது மனசில நின்னுடும் டீச்சர், பாடத்தை நாமளே நடத்திடலாம்" என்றார் தலைமையாசிரியர். அவர் நல்லவர், அக்கறையில்தான் சொல்கிறார். அந்தப் பெண்ணும் இனி எடுக்க மாட்டேன் என்கிறாள். தொடரலாமா, விட்டுவிடலாமா? தலைமையாசிரியரிடம் என்ன சொல்லட்டும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

தொடருங்கள். அந்தப் பெண்ணையே, அதே வகுப்புக்கு, அதே கேள்விக்குப் பதிலோடு திரும்ப அனுப்புங்கள். உங்கள் பள்ளியில் அன்று நடந்ததிலேயே உருப்படியான விஷயம் அந்தப் பொடியனின் கேள்விதான்.

அதே வாக்கியத்தை நீங்கள் சொல்லியிருந்தால் அவன் எழுந்திருப்பானா? பெரும்பாலும் நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். டீச்சர் சொன்னது பரீட்சையில் வரும், அதைக் கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று அந்த வயதிலேயே நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அக்காவிடம் அந்தப் பயம் கிடையாது. அக்கா சொல்வதைத் தட்டிப் பார்க்கலாம். விண்வெளி மாதிரியான ஒரு பாடத்தை மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லித் தருவதில் எனக்கு இருக்கும் நம்பிக்கையெல்லாம் இந்த ஒரு காரணத்தால்தான். கேட்பவன் கூச்சமில்லாமல் கேட்கிறான். சொல்பவள் தனக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்று எல்லார் முன்னாலும் கண்டுபிடிக்கிறாள்.

அவன் கேட்டது சாதாரணக் கேள்வியும் இல்லை. நியூட்டன் உட்கார்ந்து கணக்குப் போட்ட கேள்வி அது. நிலா பூமியின் மையத்திலிருந்து சுமார் 60 பூமி ஆரம் தள்ளி இருக்கிறது. தூரம் அறுபது மடங்கு என்றால் ஈர்ப்பு 3,600இல் ஒரு பங்காகக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. நம் கையிலிருந்து நழுவும் கல் முதல் வினாடியில் கிட்டத்தட்ட 4.9 மீட்டர் விழுகிறது. நிலாவும் ஒவ்வொரு வினாடியும் பூமியை நோக்கி விழுந்துகொண்டுதான் இருக்கிறது, சுமார் 1.4 மில்லிமீட்டர். அதே வினாடியில் அது பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் போய்விடுவதால் விழுந்தும் விழாமல் சுற்றி வருகிறது. 4.9 மீட்டரை 3,600ஆல் வகுத்தால் அந்த 1.4 மில்லிமீட்டர் வரும். இந்த வகுத்தலை ஒன்பதாம் வகுப்புப் பெண் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம், ஏழாம் வகுப்புப் பையன் சரிபார்க்கலாம்.

அவள் சொன்ன தப்பும் யோசிக்காமல் சொன்னதில்லை. 2025இல் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் மிதந்ததை எல்லாப் பிள்ளைகளும் செல்போனில் பார்த்திருக்கிறார்கள். மிதக்கிறார், அப்படியானால் இழுக்க எதுவும் இல்லை என்று தோன்றுவது இயல்பு. நிலையம் இருப்பதோ வெறும் 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 89 சதவீதம். அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் எடை பார்க்கும் மெஷினை வைத்து ஏறி நின்றால், இங்கே 50 கிலோ காட்டுபவருக்கு அங்கே 44 கிலோ காட்டும். மிதக்கவே மாட்டார். நிலையத்தில் மிதப்பதற்குக் காரணம், நிலையமும் அதில் உள்ள ஆளும் ஒன்றாகவே விழுந்துகொண்டிருப்பதுதான். வினாடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போவதால் தரையைத் தொடாமலே விழுகிறார்கள்.

இதை வாயால் சொன்னால் ஏழாம் வகுப்பு நம்பாது. நம்பவும் கூடாது. ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்து, அடிப்பக்கத்தில் ஓர் ஓட்டை போடச் சொல்லுங்கள். விரலால் ஓட்டையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து, விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சும். இனி அதே பாட்டிலை மாடியிலிருந்து அப்படியே கைவிட வேண்டும். விழுந்துகொண்டிருக்கும்வரை ஓட்டையிலிருந்து தண்ணீர் வராது. பாட்டிலும் தண்ணீரும் ஒரே மாதிரி விழுவதால் தண்ணீர் பாட்டிலை அழுத்துவதில்லை. ஈர்ப்பு அங்கேயேதான் இருக்கிறது, விழ வைப்பதே அதுதான். செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அந்தப் பெண் இதைத் தானே இரண்டு மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு வகுப்புக்குப் போகட்டும். "போன வாரம் நான் சொன்னது தப்பு, வாங்க, செஞ்சு பார்க்கலாம்" என்று அவள் ஆரம்பிக்கும் வகுப்பை அந்தப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஊஞ்சல் சொன்ன பையனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அப்பல்லோ 11 நிலவில் இறங்க நான்கு நாள், சந்திரயான்-3க்கு 2023 ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 23 வரை நாற்பது நாள். அப்பல்லோவைத் தூக்கிய சாட்டர்ன் ராக்கெட் சுமார் 2,900 டன். நம்முடைய எல்விஎம்-3 சுமார் 640 டன். ஒரே மூச்சில் தள்ளிவிட நம்மிடம் பலம் போதாது. அதனால் முதலில், பூமியிலிருந்து மிகத் தள்ளிப்போகும் இடம் 36,500 கிலோமீட்டராக இருந்த நீள்வட்டத்தில் விட்டு, எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக இயக்கி, அந்தத் தொலைவை ஒரு லட்சத்து 27 ஆயிரம் கிலோமீட்டர்வரை நீட்டி, ஆகஸ்ட் 1 அன்று நிலவை நோக்கித் திருப்பினார்கள். திரும்பி வரும்போதெல்லாம் ஒரு தள்ளு என்பதில் ஊஞ்சல் பொருந்துகிறது. ஆனால் ஊஞ்சலை அது நின்று திரும்பும் இடத்தில், மெதுவாக இருக்கும்போது தள்ளுகிறோம். விண்கலத்தின் சுற்றுப்பாதையை நீட்டுவதற்கோ அது பூமிக்கு மிக அருகே, மிக வேகமாகப் போகும்போது எஞ்சினை இயக்குகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம் என்று அவனிடம் கேளுங்கள். பதில் நீங்கள் சொல்லாதீர்கள். ஒரு வாரம் அவன் அதோடு மல்லுக்கட்டட்டும்.

பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே சொல்லிக் கொடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தார். 1789இல் சென்னையில் ராணுவத்தாரின் அனாதைப் பையன்களுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனிடமே வகுப்பை ஒப்படைத்துவிட்டார். 1797இல் லண்டனில் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரிலேயே அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மதராஸ் காலேஜ் என்ற பள்ளி இன்றும் இருக்கிறது.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த முறை பின்னால் மட்டமான ஒன்றாக ஆகிப்போனது. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாக மேய்க்க அதைப் பயன்படுத்தினார்கள். சட்டாம்பிள்ளை தான் மனப்பாடம் செய்ததைச் சத்தமாக ஒப்பித்தார், மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். யாரும் எழுந்து "அப்போ நிலா ஏன் ஓடிப்போகல" என்று கேட்க அதில் இடமே இல்லை. இன்றைக்கும் பல பள்ளிகளில் விண்வெளி நாள் நிகழ்ச்சி இப்படித்தான் நடக்கிறது. இணையத்திலிருந்து எடுத்த நான்கு பக்கத்தை ஒரு பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும், எல்லாரும் கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அங்கே தப்பே நடக்காது, யாருக்கும் எதுவும் புரிந்திருக்கவும் செய்யாது. உங்கள் வகுப்பில் ஒரு பெண் பதில் தெரியாமல் நின்றாளே, அது எனக்கு அதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்று. பாடம் எடுக்க முதல் ரேங்க் பிள்ளைகளை மட்டும் பொறுக்காதீர்கள். சட்டென்று புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு மற்றவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று தெரிவதில்லை. திணறித் திணறி நேற்று புரிந்துகொண்டவளுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்.

அடுத்த பாடத்துக்கு ஒரு தலைப்பு சொல்கிறேன். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணத்தில் ஆசாதிசாட் என்ற எட்டு கிலோ செயற்கைக்கோள் போனது. நாடு முழுக்க 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் அதற்கான கருவிகளில் வேலை செய்திருந்தார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் அதில் ஒன்று. இரண்டாம் கட்டம் பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில் ராக்கெட்டின் சென்சார்கள் சற்று நேரம் குழம்ப, கம்ப்யூட்டர் அவை பழுதாகிவிட்டன என்று முடிவு கட்டியது. 356 கிலோமீட்டர் வட்டப் பாதையில் நிற்க வேண்டிய செயற்கைக்கோள், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர்வரை இறங்கும் பாதையில் மாட்டிக்கொண்டது. அந்த உயரத்தில் காற்று இழுத்துவிடும், ஆகவே அது தங்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சுமார் 450 கிலோமீட்டர் உயரத்தில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இந்தக் கதையைச் சொல்ல உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண்களைவிடப் பொருத்தமானவர்கள் யாரும் இல்லை. அதைத் தயார் செய்யும்போது அந்தப் பெண்ணுக்கும் கொஞ்சம் தெம்பு வரும்.

அவளுக்கு இனி வேண்டாம் என்று தோன்றுவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வற்புறுத்தவும் வேண்டாம். முதலில் பாட்டிலை மட்டும் கையில் கொடுங்கள். அந்தப் பொடியனையும் கூப்பிட்டு இரண்டு பேருமாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டவனும் பாடம் தயாரிப்பதில் ஒரு பங்காளியாகட்டும். அடுத்த முறை கேள்வி வந்தால் முன்னால் போகாமல் பின்னாலேயே நில்லுங்கள். "தெரியலை, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்ல அவளுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்குள் பதிலோடு திரும்பி வருவது கட்டாயம் என்றும் சொல்லுங்கள்.

தலைமையாசிரியரின் பயம் நியாயமானது. திருத்தப்படாத தப்பு மனசில் நின்றுவிடும் என்பது உண்மைதான். அதனால்தான் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டாவது வகுப்பு ஒன்று வேண்டும் என்கிறேன், முதல் வகுப்பில் வந்த கேள்விகளுக்கும் தப்புகளுக்கும் மட்டுமாக. அவரிடம் அனுமதி கேட்கும்போது அந்த இரண்டாவது வகுப்புக்கு மட்டும் கேளுங்கள். அவரையும் வந்து கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். மாடியிலிருந்து பாட்டிலைப் போட யாராவது பெரியவர் மேலே நிற்க வேண்டியிருக்கும், அவரே நின்றால் இன்னும் நல்லது.